பாலத்தை இப்போது உடைக்க வேண்டாம்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்ட்ரியால்
17 செப்டெம்பர் 2006

அன்பின் அத்தான்,

நானும் மிதுனாவும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். வெள்ளிக்கிழமை லோயர் கத்தரினிடம் போனேன். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்ட பிறகு நாட்டில் நிற்காமல் நீங்களாகப் போனதுதான் சரியான முடிவு என்று திரும்பவும் சொன்னா. நான் உங்களைக் கூப்பிடுகிற விண்ணப்பம் கொழும்பு விசா ஒஃபீசுக்குப் போய்விட்டதாம். இனிக் கடிதம் எழுத வேண்டுமாம். திகதி போட வேண்டுமாம், உறையையும் எறியக் கூடாதாம். ரெலிபோனில் கதைத்ததற்கு அத்தாட்சி இல்லை. எங்கள் கலியாணம் உண்மையானது என்று காட்டக் கடிதக்கட்டுத்தான் வேண்டும் என்றா. ஒஃபீசர் ஒருவர் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பித்து வாசிப்பாராம்.

அத்தான், உங்களுக்கு எழுத நினைத்ததில் பாதியை அந்த மனிசனுக்கு முன்னால் என்னால் எழுத முடியாது. அதனால் வீட்டுப் புதினம் எழுதுகிறேன்.

மிதுனா சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். இருமல் இருக்கிறது, டொக்டர் ஒன்றுமில்லை என்கிறார், எனக்கு நம்பிக்கை வரவில்லை. மற்றது, நீங்கள் போன அன்று பெட்டி கட்டி முடிந்தும் நேரம் கிடந்தது என்று பிளேஸ்டேஷனில் கோட்டை கேம் போட்டோமே. டாக்சிக்காரன் ஹோர்ன் அடிக்க, அப்படியே சேவ் பண்ணிவிட்டு எழும்பினீர்கள். நேற்று அதைப் போட்டுப் பார்த்தேன். உங்கள் ஆட்கள் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். என்னுடைய ஆட்கள் மரம் வெட்டக் கோடரியை ஓங்கியபடி நிற்கிறார்கள். ஸ்டார்ட் பட்டனை அமத்தினால் எல்லாரும் அசையத் தொடங்குவார்கள். அமத்தவில்லை. ரீவியை நிப்பாட்டிவிட்டேன்.

உடம்பைக் கவனியுங்கோ.

உங்கள்
வித்தியா

*

வெள்ளவத்தை, கொழும்பு
9 ஒக்டோபர் 2006

அன்பின் வித்தி,

கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். மிதுனாவின் இருமலுக்கு வெந்நீராவி பிடியும். நீரும் கொஞ்சம் நித்திரை கொள்ளும்.

வாசிக்கிற ஒஃபீசருக்கு என் வணக்கம். அவர் இருக்கிறார் என்று நினைத்தால் எனக்கும் பேனை ஓடவில்லை. அதனால் ஒரு யோசனை. நீர் அந்த விளையாட்டைத் தொடர்ந்து விளையாடும்.

நானில்லாமல் தொட வேண்டாம் என்று சொல்லுவேன் என்றுதானே நினைத்தீர்? தொடும். இதுவரை நீர் மரமும் சாப்பாடும் பார்த்தீர், நான் ஆட்களையும் பீரங்கியையும் பார்த்தேன். இனி இரண்டையும் நீர்தான் பார்க்க வேண்டும். சதுரங்கம் மாதிரி உமது முறை, எனது முறை என்று எதிரி பொறுத்திருக்க மாட்டான். நீர் மிதுனாவுக்குப் பால் கரைக்கிற நேரத்தில் அவன் தன்பாட்டுக்குக் கோட்டை கட்டிக்கொண்டிருப்பான். ஆகையால் கதிரையை விட்டு எழும்பினால் ஸ்டார்ட்டை அமத்திவிட்டு எழும்பும். கொஞ்சம் விளையாடி, நிப்பாட்டி, என்னென்ன எங்கே நிற்கிறது என்று ஒரு படம் கீறி அனுப்பும். நான் வழி சொல்லுகிறேன்.

லொட்ஜில் என்னோடு ஒரே அறையில் சிவநேசம் அண்ணை இருக்கிறார். கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், நோர்வேயில் இருக்கும் மகளிடம் போக விசாவுக்கு நிற்கிறார். நல்ல மனிசன். குறட்டைதான் தாங்க முடியாது.

படத்துக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கீர்த்திகன்

*

மொன்ட்ரியால்
5 நவம்பர் 2006

அன்பின் அத்தான்,

எங்கள் பாடு சுகம். உங்கள் பக்கம் மழை என்று இன்டர்நெட்டில் பார்த்தேன். குடை வைத்திருக்கிறீர்களா?

சொன்னபடி செய்தேன். படம் இத்துடன் இருக்கிறது. நடுவில் ஆறு. தெற்குக் கரை எங்களுடையது. குடில் பதினான்கு, ஆட்கள் இருபது பேர், பீரங்கி எட்டு. எதிரி வடக்குக் கரையில் காம்ப் அடித்திருக்கிறான். அங்கிருந்து இங்கே வர ஒரு பாலம்தான். பாலத்தை உடைத்தால் அவனால் வர முடியாது. உடைக்கவோ, விடவோ?

கீழ்வீட்டுப் புஷ்பவதி அக்கா மிதுனாவைப் பார்க்க வந்தவ, கதவடியிலேயே நின்றுவிட்டா.

"நான் உன்ரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரியிறன், நீ இஞ்சை இருந்து சண்டை பிடிக்கிறாய்?"

"இது சண்டை இல்லையக்கா. அவரின்ரை விளையாட்டு."

"ஓ, ஆள் அங்கை, விளையாட்டு இஞ்சையோ? நல்ல குடும்பமடி."

சொல்லிவிட்டு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்த்தா.

ஞாயிறு போனில் உங்கள் குரலைக் கேட்டதும் மிதுனா ரிசீவரைத் தள்ளிவிட்டாள். பல் முளைக்கிறது, அந்த எரிச்சல். வேறொன்றுமில்லை.

உங்கள்
வித்தியா

*

வெள்ளவத்தை
27 நவம்பர் 2006

அன்பின் வித்தி,

இங்கே எல்லாம் சுகம். நீர் பயப்படுகிற எதுவும் எனக்கு நடக்கவில்லை.

படம் அருமை. பாலத்தை இப்போது உடைக்க வேண்டாம். உடைத்தால் பயமில்லாமல் இருக்கலாம், ஆனால் பிறகு நாங்களும் அந்தப் பக்கம் போக வழியில்லை. பீரங்கி நாலைப் பாலத்துக்கு இடப்பக்கம், மரங்களுக்குப் பின்னால் மறைத்து வையும். தெற்கு மதிலில் ஓர் இடைவெளி கீறியிருக்கிறீர். அது என்ன?

உமது படத்தைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். படுத்துக்கொண்டு பார்த்தால் எங்கள் ரீவியும், சோபாவில் உமது காலும் தெரிகிற மாதிரி இருக்கும். சிவநேசம் அண்ணை ஒவ்வொரு நாளும் கேட்கிறார்: "தம்பி, இண்டைக்குப் பெஞ்சாதி எத்தினை பீரங்கி செய்தவா? மற்றவனுக்குப் பெஞ்சாதிமார் கறிவேப்பிலை வதங்கினதை எழுதுகினம்."

சிரிப்பார். பிறகு, "உந்தப் படத்தைக் கழட்டி வையடா" என்பார். இங்கே கொஞ்சம் கெடுபிடி, அதனால் சொல்லுகிறார். எழுத வேறு புதினமில்லை.

மிதுனாவுக்குப் பல் வந்துவிட்டதா?

கீர்த்திகன்

*

மொன்ட்ரியால்
19 டிசெம்பர் 2006

அன்பின் அத்தான்,

நீங்கள் சுகம் என்று எழுதினால் அதை மூன்று தரம் வாசிக்கிறேன். நாங்கள் இப்போது சுகம். போன கிழமை மிதுனாவுக்கு நூற்று மூன்று காய்ச்சல். இறங்கிவிட்டது என்றபடியால்தான் எழுதுகிறேன்.

பாலம் போய்விட்டது. பீரங்கி ஆறு போய்விட்டது. நீங்கள் சொன்ன இடத்தில்தான் மறைத்து வைத்தேன். மிதுனா அறைக்குள் சத்தி எடுத்த சத்தம் கேட்டு ஓடினேன். ஸ்டார்ட்டை அமத்தவில்லை. திரும்பி வரும்போது அவன் வந்து போய்விட்டான். பாலத்தைக் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறான். குழப்பத்தில் அதையே சேவ் பண்ணியும் விட்டேன், பழையதன் மேலேயே.

மதில் இடைவெளியில் ஒன்றுமில்லை. மரம் போதவில்லை, கட்டாமல் விட்டது.

இனி என்ன செய்ய? கெதியாக எழுதுங்கோ.

உங்கள்
வித்தியா

*

மொன்ட்ரியால்
2 பெப்ரவரி 2007

அன்பின் அத்தான்,

இங்கே எல்லாரும் நலம். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

நத்தார் லீவால் தபால் தாமதம் என்று முதலில் நினைத்தேன். பிறகு உங்களுக்கு என்னில் கோபமோ என்று நினைத்தேன். பாலத்துக்காக ஒரு மனிசன் கோபிப்பானோ என்று புஷ்பவதி அக்கா ஏசுகிறா. லொட்ஜுக்கு ஒன்பது தரம் போன் எடுத்துவிட்டேன். மனேச்சர், "அவர் வெளியிலை" என்கிறார். எப்ப வருவார் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறார்.

உடைந்த பென்சிலாலாவது, "இருக்கிறேன்" என்று ஒரு சொல் எழுதிப் போடுங்கோ.

வித்தியா

*

வெள்ளவத்தை, கொழும்பு
6 பெப்ரவரி 2007

அன்புள்ள மகள் வித்தியாவுக்கு,

நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னை உனக்குத் தெரியாது. கீர்த்திகனோடு ஒரே அறையில் இருக்கும் சிவநேசம். நோர்வேப் பேரப்பிள்ளைக்கு முத்திரை சேர்க்க என்று உன்னுடைய உறை ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதில்தான் உன் விலாசம் கிடைத்தது. மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜனவரி பதினொன்று விடியற்காலை லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். அறைக்கு வந்த பொலிஸ்காரர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். ஆறு, பாலம், காம்ப், பீரங்கி எட்டு. பிறகு தலையணைக்குக் கீழே இருந்த கடிதங்கள். பாலம் போய்விட்டது, பீரங்கி ஆறு போய்விட்டது, இனி என்ன செய்ய என்று நீ எழுதியது மூன்று நாளுக்கு முன்தான் வந்திருந்தது. தம்பி இது விளையாட்டு என்று சொன்னான். விளையாட்டு என்பதே சங்கேதம் என்று அவனைக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே கழட்டச் சொன்னேன், மகள். "அண்ணை, அது வெறும் கடதாசி" என்றான். ஆறு வருசம் கனடாவில் இருந்து, கடதாசி என்றால் இங்கே என்ன என்பதை மறந்துபோனான்.

இரவிச்சந்திரன் என்ற சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறேன். அவருடைய ஃபாக்ஸ் இலக்கம் கீழே உள்ளது. அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது என்று காட்டினால் நீதவான் கேட்பார் என்கிறார். கெதியாகச் செய். தைரியமாயிரு.

க. சிவநேசம்

*

மொன்ட்ரியால்
5 மார்ச் 2007

மதிப்பிற்குரிய சட்டத்தரணி இரவிச்சந்திரன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலத்துக்கும், என் கணவருக்காக நீங்கள் படும் சிரமத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன்.

நீங்கள் ஃபாக்ஸில் அனுப்பிய படம் நான் கீறியதுதான். அந்த ஆறு எந்த நாட்டிலும் ஓடவில்லை. அந்தப் பாலம் எங்குமே இல்லை. எங்கள் ரீவிக்குள் மட்டும் இருந்தது. அதை அப்படியே படமெடுத்து அனுப்பினால் போதும் என்றீர்கள். ஆனால் பாலம் எரிந்த பிறகு பழையதன் மேலேயே பதிந்துவிட்டபடியால், நான் கீறிய நிலை என்னிடம் இருக்கவில்லை. அதனால் விளையாட்டை முதலிலிருந்து தொடங்கி, உங்கள் ஃபாக்ஸை ரீவிக்குப் பக்கத்தில் ஒட்டி, படத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் திருப்பிக் கட்டினேன்.

தனியாக முடியவில்லை. எதிரி வருவதற்குள் பதினான்கு குடிலும் எட்டுப் பீரங்கியும் அந்தந்த இடத்தில் நிற்க வேண்டும். ஒரு குடில் தள்ளிப் போனாலும் திரும்ப முதலிலிருந்துதான். மரத்தை நான் பார்த்தேன். ஆட்களைப் பார்க்க என் கணவரின் கொன்ட்ரோலரைக் கீழ்வீட்டுத் திருமதி புஷ்பவதி குணரத்தினம் பிடித்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இதற்கு முன் ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை. "எடியே, இவங்கள் நில்லெண்டால் போறாங்கள், போவெண்டால் நிக்கிறாங்கள். அசல் என்ரை மனிசன்" என்று பேசிப் பேசி விளையாடினார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்த சாட்சி அவர்தான்.

பதினொரு நாள் ஆனது. ஒன்பது புகைப்படங்கள் இணைத்துள்ளேன். இங்கே எங்கள் லோயர் கத்தரின் அவற்றை உறுதிப்படுத்தியிருக்கிறார். தெற்கு மதில் இடைவெளியைப் பொலிஸார் வட்டமிட்டிருக்கிறார்கள். ஆறாவது புகைப்படத்தில் அதே இடைவெளி இருக்கிறது. அது ஒருவரும் தப்பிப் போக வைத்த வழியில்லை, ஐயா. மரம் போதாமல் நான் கட்டாமல் விட்டது.

என் கணவர் எனக்கு எழுதிய பதில்களின் பிரதிகளும் உள்ளன. நீதவான் அவர்களை இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

கணவனும் மனைவியும் இப்படியா எழுதுவார்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் கடிதங்களை விசா ஒஃபீசர் ஒருவர் வாசிப்பார் என்று சொல்லப்பட்டது. அவருக்கு முன்னால், "நீங்கள் இல்லாமல் என்னால் முடியவில்லை" என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. பீரங்கி எட்டு என்று எழுதக் கூச்சமாக இருக்கவில்லை. நாங்கள் செய்த பிழை அவ்வளவுதான். எழுதியது என் கை, ஐயா. உள்ளே இருப்பது அவர்.

தங்கள் உண்மையுள்ள,
வித்தியா கீர்த்திகன்

*

வெள்ளவத்தை
8 ஏப்ரல் 2007

அன்பின் வித்தி,

நீரும் பிள்ளையும் சுகம்தானே. போன வெள்ளிக்கு முதல் வெள்ளி என்னை விட்டுவிட்டார்கள். வழக்கில்லை என்று நீதவான் முடித்துவிட்டார். இப்போது லொட்ஜில்தான். சாப்பிடுகிறேன், நித்திரை வருகிறது.

நான் சொல்லச் சொல்ல சிவநேசம் அண்ணை எழுதுகிறார். வலக்கை விரல்களில் சின்னக் காயம். வேறொன்றுமில்லை.

இனிமேல் விளையாட்டைப் பற்றி எழுத வேண்டாம்.

கீர்த்திகன்

மகள், சின்னக் காயம் என்றுதான் எழுதச் சொன்னான். அப்படியே எழுதியிருக்கிறேன். — சிவநேசம்

*

மொன்ட்ரியால்
29 ஏப்ரல் 2007

அன்பின் அத்தான்,

நாங்கள் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பனி கரைந்துவிட்டது. மிதுனாவுக்குக் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, வைகாசியிலிருந்து போகலாம். புஷ்பவதி அக்கா கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்து தந்தா. நல்ல உறைப்பு. வெளியில் இப்போது மழை தூறுகிறது.

காயத்துக்கு மருந்து கட்டுங்கோ.

உங்கள்
வித்தியா

*

வெள்ளவத்தை
2 ஓகஸ்ட் 2007

அன்பின் வித்தி,

நான் சுகம். இதை நானே இடக்கையால் எழுதுகிறேன். கோழி கிண்டினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசியும்.

போனில் விசா கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். நடந்ததை எழுத வேண்டும் போலிருக்கிறது. இன்டர்வியூவில் ஒஃபீசர் கடிதங்களைக் கேட்டார். உமது கடிதங்கள் வழக்குக் கோப்போடு போய்விட்டன, திருப்பித் தரவில்லை என்றேன். அப்போ என்ன இருக்கிறது என்றார். இரவிச்சந்திரனுக்கு நீர் எழுதிய கடிதத்தின் பிரதி ஒன்றுதான் என்னிடம் இருந்தது. கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் வாசிக்க வாசிக்க அவர் கேட்டார். கடைசி வரியை மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் வாசித்தார்.

"எல்லாவற்றையும் திருப்பிக் கட்டினாரா?" என்று ஒஃபீசர் கேட்டார்.

"ஓம்."

"குடில் பதினான்கும்?"

"ஓம், சேர்."

வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஓகஸ்ட் 25 பிளேன். சிவநேசம் அண்ணைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், பிறகு சுவரைப் பார்க்கிறார்.

வாறன்.

கீர்த்திகன்

*

மொன்ட்ரியால்
20 ஓகஸ்ட் 2007

அத்தான்,

இந்தக் கடிதத்தில் உங்கள் சுகம் விசாரிக்கவில்லை. ஐந்து நாளில் கண்ணால் பார்க்கப் போகிறேன். இது கொழும்புக்கு வந்து சேரும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். ஒஃபீசரும் வாசிக்கப் போவதில்லை, பொலிசும் வாசிக்கப் போவதில்லை. ஒருத்தரும் வாசிக்காத கடிதம் ஒன்று எழுத வேண்டும் என்று ஒரு வருசமாக ஆசை.

முதலில் மிதுனா. அவளுக்கு உங்களைத் தெரியாது. உங்கள் படத்தைக் காட்டினால் கார்டரியில் பழகின மாதிரி, "பொஞ்சூர் மெஸ்யூ", வணக்கம் ஐயா, என்கிறாள். பல் முளைக்கிற எரிச்சல் என்று அன்று எழுதியது பொய். விமான நிலையத்தில் அவள் உங்களிடம் வராவிட்டால் மனம் நோகாதேங்கோ.

மற்றது உங்கள் கை. பார்க்காத மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது. முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

மற்றது நான். மொன்ட்ரியால்-நோரில் உங்களோடு வேலை செய்த பற்றிக் தன்னுடைய பேஸ்மென்ட்டில் வந்து ஒளித்து நில்லுங்கள் என்றான். நீங்கள் ஓம் என்றுதான் நினைத்தீர்கள். வேண்டாம், கதவு தட்டுகிற சத்தத்துக்குப் பயந்து என்னால் சீவிக்க முடியாது, சட்டப்படி செய்வம் என்று நான்தான் சொன்னேன். எனக்குப் பயம் வரக் கூடாது என்று நீங்கள் போனீர்கள். கதவு உங்களுக்குத் தட்டப்பட்டது. ஒரு கடிதத்திலும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

அன்று டாக்சி வந்தபோது நீங்கள் சப்பாத்து நூலை இரண்டு தரம் கழட்டிக் கட்டினீர்கள். நான் போகாதேங்கோ என்று சொல்லுவேனோ என்று பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்குத் தெரியும். நான் பாஸ்போர்ட் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

இப்போது சொல்லப் பழகிவிட்டேன், அத்தான். வந்த பிறகு நீங்கள் மூலைக் கடைக்குப் பால் வாங்க எழும்பினாலும் சொல்லுவேன். போகாதேங்கோ. இருங்கோ. நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்.

வித்தி